மணியை அடித்துக் கேட்கவும்

ரோஸ்விதா பாஸேவால்டின் கையெழுத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடத்து டீச்சர் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் அவர் ஓய்வு பெறும்வரை டிராம் ஓட்டியவர். சனிக்கிழமை காலையில் எங்கள் கட்டடத்து வாசலை ஒட்டி, நடைபாதையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார். அதன்மேல் ஒட்டிய தாளில் முத்துமுத்தாக எழுதியிருக்கும்: "எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் கழுவித் துடைத்தது. உபயோகிக்கத் தெரியாவிட்டால் மணியை அடித்துக் கேட்கவும். பாஸேவால்ட், தரைத்தளம், இடப்பக்கம்."

பெர்லினில் இப்படிப் பெட்டி வைக்காத தெருவே கிடையாது. ஆனால் பெயரும் கதவும் எழுதி வைத்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. அப்படி என்ன பெரிய இயந்திரம் அதில் இருந்தது? கரண்டி, பூச்சாடி, ரொட்டிக்கூடை, பாதி எரிந்த மெழுகுவர்த்தி. கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்க யார் வந்து மணியடிப்பார்கள்? யாரும் அடிக்கவில்லை.

பெட்டியை வைத்தபின் உள்ளே போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். யார் குனிகிறார்கள், யார் எதை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள், யார் திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருப்பார். கணவர் எகோன் இறந்தபின் ஆரம்பித்த பழக்கம் இது. பிள்ளைகள் இல்லை. முதல் பெட்டியில் எகோனின் சட்டைகள் போயின. சில நாள் கழித்து என்னை மாடிப்படியில் நிறுத்தி, கண்ணெல்லாம் மின்னச் சொன்னார்:

"தீலே, ரொட்டிக்கடை வாசல்ல எகோனோட கட்டம்போட்ட சட்டை நிக்குது! உள்ள ஒரு பொடிப்பய. ஆனா சட்டை நம்மளுது. பின்னாடியே போனேன், டிராம் நிறுத்தம் வரைக்கும்."

"அவன்கிட்ட பேசினீங்களா?"

"என்னத்தைப் பேசுறது? சட்டையைக் குடுன்னு கேக்க வந்துட்டேன்னு பயந்துடுவான். முப்பது வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி 'ஓட்டுநருடன் பேசக்கூடாது'ன்னு பலகை. ரிட்டயர் ஆனப்போ அதையும் கழட்டி என் முதுகுலயே மாட்டி அனுப்பிட்டாங்கபோல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மேலே ஏறிப் போனேன். எனக்கு மூன்றாம் மாடி. அவரவர் கதவு, அவரவர் பூட்டு. எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான்.

எனக்குக் குப்பை என்றால் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் மெத்தை கிடக்கும், கழிவறைத் தொட்டி கிடக்கும், கதவில்லாத ஃபிரிட்ஜ் கிடக்கும். வெட்கங்கெட்டவர்கள் அதன்மேலும் "எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் போதும், பாவம் தொலைந்தது என்று போய்விடுவார்கள். மழையில் ஊறிய மெத்தையை யாரப்பா எடுப்பார்கள்? வசந்தம் வந்தால் நானும் அக்கம்பக்கத்தாரும் இடுக்கியும் சாக்குமாகத் தெருவைப் பெருக்கக் கிளம்புவோம். குப்பை போடுகிறவர்களுக்கு அபராதத்தைக் கூட்டப்போகிறார்கள், அதை வசூலிக்கிற நகராட்சி ஒழுங்குத்துறைக்கு இன்னும் ஆள் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று நான் ஒரு பியர் கூடுதலாகக் குடித்தேன். இன்றைக்கும் அந்தச் சட்டத்தின் பக்கம்தான் நான்.

புதிய அபராதம் பற்றிய அறிவிப்பு வாசல் கதவில் வந்ததும் நானே கீழே போய் அவரிடம் சொன்னேன்.

"பாஸேவால்ட் அம்மா, இனிமே பெட்டி வைக்காதீங்க. நடைபாதையில எதை விட்டுட்டுப் போனாலும் குப்பைக் கணக்குதான்."

"குப்பைக்கு யாராவது பேர் போடுவாங்களா? நான் பேர் போட்டிருக்கேன்ல."

"சட்டம் அப்படிப் பாக்காதும்மா."

"சட்டத்துக்குப் படிக்கத் தெரியும். அது வந்து படிச்சுப் பாக்கட்டும்."

தலையை ஆட்டிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை பெட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதன் பக்கத்தில் ஒரு இரட்டைக்கட்டில் மெத்தையும் வந்தது. பெட்டி இருக்கிற இடத்தில் போட்டால் தன் குப்பையும் தானமாகிவிடும் என்று எந்த மகராசனோ இருட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். பாஸேவால்ட் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் ஒழுங்குத்துறைக்கு அவரே போன் போட்டார். "என் பெட்டிக்குப் பக்கத்துல எவனோ குப்பையைப் போட்டிருக்கான்" என்று புகார் சொல்லி, தன் பெயரையும் முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். தப்பு செய்தவன் பக்கத்து வீட்டானாக இருந்தாலும் போன் போடுகிற ஊர் இது. தன்மேலேயே புகார் கொடுத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் நான் கடையிலிருந்து திரும்பியபோது தரைத்தளத்து இடப்பக்கக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒழுங்குத்துறையின் நீலச் சீருடையில் இரண்டு பேர், ஒரு இளைஞனும் நடுவயதுப் பெண்ணும், மேஜையில் உட்கார்ந்து பிளம் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தீலே, உள்ள வாங்க!" என்றார் பாஸேவால்ட் அம்மா. அவர் இப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தலை வாரி, ஸ்வெட்டரில் புரூச் குத்தியிருந்தார். "மணியடிச்சாங்க! தாளைப் படிச்சுப் பாத்துட்டு நேரா வந்து மணியடிச்சாங்க!"

அந்தப் பெண் அதிகாரிக்குத் தர்மசங்கடம். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அம்மா, மறுபடியும் சொல்றேன். மெத்தையில பேர் இல்ல. யாருதுன்னு கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில உங்க பேர் இருக்கு. அதனால அபராதம் உங்களுக்குத்தான் வரும்" என்றார்.

"வரட்டும், வரட்டும். தம்பி, இன்னொரு துண்டு வெக்கட்டுமா?"

"போதும்மா, வயிறு நிறைஞ்சிடுச்சு," என்றான் இளைஞன். "எங்க தாத்தாவும் டிராம்தான் ஓட்டுனாரு."

"எந்த டிப்போ?"

அவ்வளவுதான். அபராதப் பேச்சு எங்கே போனது என்றே தெரியவில்லை. தண்டவாளத்தில் பனி உறைந்த கதை, குடிகாரன் ஒருவன் கடைசி நிறுத்தத்தில் இறங்க மறுத்த கதை எல்லாம் வந்தது. இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாத கதைகள். கிளம்பும்போது அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பினார். வண்டி மறைந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அபராதக் கடிதம் வந்தது. அவர் பென்ஷனுக்கு அது கொஞ்சநஞ்சமில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மெத்தைக்காரன் குறட்டை விட்டுத் தூங்குவான், கழுவித் துடைத்துப் பெயர் எழுதி வைத்தவர் கட்டவேண்டுமா?

"ஆட்சேபணை எழுதிப் போடுவோம். நான் எழுதித் தரேன்," என்றேன்.

"எழுதிப் போட்டா அவங்க மறுபடி வருவாங்களா?"

"அவங்க எதுக்கு வரணும்? எல்லாம் தபால்லயே முடிஞ்சிடும்."

"அப்ப வேணாம். கட்டிடறேன்."

சனிக்கிழமை காலை ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வாசலில் பெட்டி. அதே கையெழுத்து, பெயர் மட்டும் முன்னைவிடப் பெரிதாக. அடியில் சிவப்பு மையில் கோடுகூடப் போட்டிருந்தார். இந்த அம்மா எதையும் கொடுப்பதற்காக அதை வைக்கவில்லை. அந்த இரண்டு பேர் வரட்டும் என்று வைத்திருக்கிறார்.

இரண்டாம் தடவை மாட்டினால் அபராதம் ஏறும். கீழே இறங்கி, அவர் ஜன்னலைவிட்டு உள்பக்கம் போன சமயம் பார்த்து, பெட்டியை அப்படியே தூக்கி நிலவறையில் என் வீட்டுக்கென்று ஒதுக்கிய தடுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த சனிக்கிழமையும் அதே வேலை. பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை.

அந்தத் திங்கட்கிழமை தபால்பெட்டி அருகே அவரைப் பார்த்தேன். கேக்குக்கு மாவு வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

"பெட்டியெல்லாம் போகுதுல்ல? சந்தோஷம்தானே?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"போகுது. பெட்டியோட போகுது. யாருன்னு நான் பாக்குறதுக்குள்ள போயிடுது." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஆனா மணியடிக்கத்தான் யாரும் இல்ல."



மறு சனிக்கிழமையும் பெட்டியைத் தூக்கி நிலவறையில் வைத்தேன். இந்த முறை உடனே மேலே வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு தட்டு, ஒரு மேஜைவிரிப்பு, அடியில் மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன வட்டச் சாமான்: வேகும்போது ஓடு வெடிக்காமலிருக்க, அதற்குமுன் முட்டையின் அடியில் ஊசியால் ஓட்டை போடுவது. அது இல்லாத சமையலறை எங்கள் ஊரில் கிடையாது. என் வீட்டில் இரண்டு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு ஏறி, இடப்பக்க மணியை அடித்தேன்.

கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பார்போல, உடனே திறந்தது. வாரிய தலை, ஸ்வெட்டரில் புரூச். உள்ளே மேஜையில் பிளம் கேக்கும் மூன்று கோப்பைகளும் இருந்தன. அவர் பார்வை என் தோளைத் தாண்டி வாசல் கதவுவரை போய்த் திரும்பியது.

"நீங்களா? கூட யாரும் வரலையா?"

"நான் மட்டும்தாம்மா."

"ஓ."

கையிலிருந்ததை நீட்டினேன். "இது பெட்டியில கிடந்துச்சு. எப்படி உபயோகிக்கிறதுன்னு தெரியல. அதான், மணியை அடிச்சுக் கேக்கலாம்னு."

அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தலை நரைச்சாச்சு. முட்டைக்கு ஓட்டை போடத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாதும்மா."

அவர் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார். இன்னொன்றில் எனக்குக் காபி ஊற்றினார். பிறகு முட்டை அட்டையைக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தார். "குண்டுப்பக்கம் கீழ இருக்கணும். இப்படி வெச்சு, மெதுவா அழுத்தணும். அவசரப்பட்டா உடைஞ்சிடும்." ஒரு முட்டையோடு முடிந்திருக்கவேண்டிய பாடம். அவர் அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததையும் எடுத்தார். ஓட்டை போட்ட முட்டை தாங்காது, சீக்கிரம் வேகவைத்தாக வேண்டும். இத்தனையையும் யார் சாப்பிடுவது என்று நான் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவர் கை அப்படியே நின்றது. அது தாண்டிப் போகும்வரை நானும் காத்திருந்தேன்.