வராத நண்பருக்கு ஒரு நாற்காலி

இல்லாத ஒருவருக்காக நான் ஏறக்குறைய ஒரு வருடம் நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். ஞாயிறு தவறாமல். ஐம்பத்தாறு வயதில், மூக்குக் கண்ணாடியும் முதுகுவலியுமாக, ஒரு பொம்மைக் கடையில்.

முழுப் பைத்தியம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் காலி நாற்காலியின் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் அது காலி நாற்காலி இல்லை. ‘சோப்’ பண்ணியாகிவிட்டது, அதாவது இடம் பிடித்தாகிவிட்டது என்பார்கள். அதற்குமேல் மேல்முறையீடு கிடையாது. உணவங்காடியில் மதிய நேரத்தில் ஊரே தட்டை ஏந்திக்கொண்டு அலையும். அந்த நாற்காலியை மட்டும் சாமி படத்தைத் தாண்டுவது போல ஒதுங்கித் தாண்டிப் போகும். வைத்தவர் யார், எப்போது வருவார் என்று ஒருவரும் கேட்பதில்லை. வைத்திருந்தால் ஆள் உண்டு. அவ்வளவுதான் சட்டம். இந்தச் சட்டத்தின் ஓட்டைக்குள்தான் நான் ஒரு வருடம் குடியிருந்தேன்.

மகளுக்குப் பிரிஸ்பேனில் பிரசவம். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு மனைவி கிளம்பினாள். பேரன் பிறந்தான், குப்புற விழுந்தான், தவழ்ந்தான், எழுந்து நின்றான். மூன்று மாதம் மட்டும் முடிகிற வழியாக இல்லை. பாலைத் திணையில் பொருள் தேடித் தலைவன் போவான், தலைவி வீட்டில் இருந்து மெலிவாள். எங்கள் வீட்டில் தலைவி டயப்பர் மாற்றப் போனாள், தலைவன் புக்கிட் பாத்தோக்கில் பத்தாவது மாடியில் இருந்து பருத்தான். தினமும் காணொளியில் வருவாள். “சாப்பிட்டீங்களா?” என்பாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பேரன் கைப்பேசியைக் கடிப்பான். அவன் வாயின் உட்புறத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைத்தான் அதிகம் பார்த்ததில்லை.

அவனுக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கி அனுப்பத்தான் முதலில் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். டோபி காட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய கட்டடம் ஒன்றில் மூன்று தளம். எந்தக் கம்பெனியின் கிளையும் இல்லை. ஒரு சீனத் தம்பதி தங்கள் விருப்பத்துக்கு நிரப்பி வைத்திருந்த கடை. கீழ்த்தளத்தில் பொம்மைகள் பேசும், பிள்ளைகள் அழும், பெற்றோர் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். அடுத்த தளத்தில், ஆயிரம் துண்டாக வெட்டப்பட்ட அருவிகளும் கோட்டைகளும் பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருக்கும். மூன்றாவது தளத்துக்குக் குழந்தைகள் அதிகம் வருவதில்லை. அங்கே ஒட்டிச் செய்யும் கப்பல்கள், விமானங்கள், விரல் நீள ரயில்கள், கண் மருந்துப் புட்டி அளவில் வண்ணங்கள். கோந்து வாசத்தில் லேசாகத் தலை சுற்றும். அதுவும் ஒரு சுகம்தான் என்பது பிறகு தெரிந்தது.

மனிதர்களும் அங்கே பெட்டியில் கிடைத்தார்கள். சுண்டுவிரல் நக உயரம். நிற்கிறவர்கள் ஒரு பெட்டி, உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு பெட்டி. உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெஞ்சைத் தனியாக வாங்க வேண்டும். வாங்காவிட்டால் முட்டி மடங்கியபடி மல்லாந்து கிடப்பார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. கிலுகிலுப்பையோடு அந்தப் பெட்டியையும், பனி மூடிய கூரையுள்ள ஏதோ ஓர் ஐரோப்பியக் கிராமத்து ரயில் நிலையத்தையும் வாங்கினேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பனிக்கூரை எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை என்பதை ஒரு சுதந்திரமாக அப்போது நினைத்தேன்.

அந்தத் தளத்தின் கோடியில் நீண்ட மேசை ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வாங்கியதை அங்கேயே உட்கார்ந்து செய்யலாம். விளக்கு, வெட்டும் பலகை எல்லாம் இருக்கும். முதல் ஞாயிறு போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், எல்லாரும் இரண்டிரண்டு பேர். அப்பாவும் மகளும். கணவனும் மனைவியும். பள்ளி நாளிலிருந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மலாய் நண்பர்கள். என் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. காலியாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அது என்னைப் பற்றி ஏதோ அறிவிப்பது போல இருந்தது. மூக்கைத் துடைப்பதற்காகச் சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தேன். மனைவி போகும்போது கட்டுக்கட்டாக வாங்கி வைத்துவிட்டுப் போனதில் ஒன்று. துடைத்துவிட்டு, யோசிக்காமல், அதை அந்த நாற்காலியில் வைத்தேன்.

அடடா, என்ன ஒரு மாற்றம். ஒரு நொடியில் நான் தனியாக வந்தவன் இல்லை, நண்பருக்காகக் காத்திருப்பவன். முதுகு நிமிர்ந்துகொண்டது. தனிமை பற்றி எத்தனையோ புத்தகங்களில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். அவற்றை எழுதிய மேதைகள் ஒருவருக்கும் இந்த வழி தோன்றவில்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே மேசை, அதே பாக்கெட். “அங்கிள், யுவர் ஃப்ரெண்ட் ஆல்வேஸ் லேட் லா,” என்பார் கடைக்கார அம்மா. “பிஸி மேன்,” என்பேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த மனிதர் மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு. வெளியே நல்ல மழை, மேசை நிரம்பி வழிந்தது. கப்பல் படம் போட்ட பெரிய பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், நல்ல ஆகிருதி. நாற்காலியைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

“அண்ணே, இங்க ஆள் வருதா?”

என்னைவிட மூத்தவர் அண்ணே என்கிறாரே என்ற வருத்தத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது. “வருவாரு.”

“ஓகேண்ணே, வரட்டும். நான் நிக்கிறேன்.” பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, வண்ணப் புட்டிகள் அடுக்கிய அலமாரியில் சாய்ந்துகொண்டார். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார். முட்டிவலிக்காரர் என்பது தெரிந்தது. சும்மா நிற்கிற மனிதராகவும் தெரியவில்லை.

“ஃப்ரெண்டு எங்கேருந்து வர்றாரு?”

“புக்கிட் பாத்தோக்.”

“நீங்க?”

“நானும் அங்கதான்.”

“ஒரே ப்ளாக்கா?”

கற்பனை வளம் மிக்கவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் அது இன்னொரு முகவரியைக்கூடத் தரவில்லை. “ஒரே ப்ளாக்,” என்றேன்.

“அப்புறம் ஏண்ணே தனித்தனியா வர்றீங்க?”

“ஞாயித்துக்கெழம கொஞ்சம் லேட்டா எந்திரிப்பாரு.”

“கதவத் தட்ட வேண்டியதுதானே லா! என்ன ஆளு இவரு. ஃபோன் அடிச்சுப் பாருங்கண்ணே, மழ வேற பெய்யுது.”

எதிரே இருந்த அப்பாவும் மகளும்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். கைப்பேசியை எடுத்தேன். யாரை அழைப்பது? கை போன போக்கில் என் வீட்டு எண்ணையே அழுத்தினேன். இணைய இணைப்போடு சும்மா கொடுத்த தொலைபேசி அது. ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் கூப்பிடுகிறவர்கள் காப்புறுதி விற்கிறவர்கள் மட்டும்தான்.

மணி அடித்தது. காதில் வைத்துக்கொண்டு கேட்டேன். பூட்டிய வீட்டில், காலையில் நான் பாதி குடித்துவிட்டு வைத்த தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில், அந்த மணி அடிப்பது கண்ணில் தெரிந்தது. எடுக்க ஆள் இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்குத் தெரிகிற அளவுக்கு யாருக்குத் தெரியும்? ஆனாலும் துண்டிக்க மனம் வரவில்லை. நாலைந்து முறை அடித்த பிறகு, யாராவது எடுத்துவிடுவார்கள் என்றே காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். தானாக அடித்து ஓய்ந்தது.

“எடுக்கலையாண்ணே?”

“எடுக்கல.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப கெளம்பிட்டாரு!”

என் நண்பர் வந்துகொண்டிருக்கிறார் என்று உலகத்திலேயே உறுதியாக நம்பிய ஒரே மனிதர், அந்த நம்பிக்கையில் மேலும் நேராக நின்றார். நான் என் ரயில் நிலையத்தின் ஜன்னல் ஒன்றைத் தலைகீழாக ஒட்டினேன். பிய்த்து மறுபடி ஒட்டினேன். அவர் மறுபடி கால் மாற்றினார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“உட்காருங்க. அவரு இன்னைக்கு வர மாட்டாரு.”

“எப்படிண்ணே சொல்றீங்க? பாவம், மழையில நனைஞ்சு வந்து நின்னாருன்னா?”

“வந்தா நான் எந்திரிச்சு நிக்கிறேன்.”

இதில் இருந்த நியாயம் அவருக்குப் பிடித்தது. பாக்கெட்டை இரண்டு விரலால் எடுத்து, உடையக்கூடிய சாமான் போல என் முன்னால் வைத்துவிட்டு, உட்கார்ந்தார்.

அன்று பிற்பகல் நான் பேசியதை எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. கோந்து வாடை ஆகாது என்று மனைவி வீட்டிலிருந்து விரட்டிவிட்டதாக அவர் சொன்னார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் ப்ளாக் கீழே இருக்கும் வளைவில் வருடக்கணக்காகத் திரும்பியிருக்கிறார். “உங்களைக்கூட ஏத்தியிருப்பேன்,” என்றார். நான் ஒரு தடவையாவது ‘தேங்க் யூ’ சொல்லியிருக்க வேண்டுமே என்று கவலையாக இருந்தது. என் ரயில் நிலையத்தை எட்டிப் பார்த்து, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த குட்டி மனிதர்களைக் காட்டி, “இவங்கல்லாம் எந்த ரயிலுக்குக் காத்திருக்காங்க?” என்றார்.

“தெரியாது. நான் இன்னும் தண்டவாளமே வாங்கல.”

மேசை ஆடும்படி சிரித்தார். மனைவி கிளம்பிய பிறகு என் ஹாஸ்யத்துக்குக் கிடைத்த முதல் சிரிப்பு. கடை அடைக்கும்போது, “அடுத்த ஞாயிறு?” என்று கேட்டேன். “வர்றேண்ணே,” என்றார். கைப்பேசி எண் வாங்கத் தோன்றவில்லை. இடமும் கிழமையும் தெரிந்த பிறகு எண் எதற்கு?

அடுத்த ஞாயிறு கடை திறக்கும்போதே போய்விட்டேன். வீட்டிலிருந்து புதுப் பாக்கெட் ஒன்றை எடுத்து வந்திருந்தேன். அதைப் பக்கத்து நாற்காலியின் நடுவில் நேராக வைத்தேன். இத்தனை காலத்தில் அந்த நாற்காலியில் வைத்த டிஷ்யூ முதல் முறையாக உண்மை பேசியது. அவருக்குச் சாம்பல் வண்ணம் குறைவாக இருந்தது நினைவுக்கு வந்து, ஒரு புட்டி எடுத்துக்கொண்டு பணம் கட்டக் கீழே போனேன். விடுமுறை வரிசை படிக்கட்டு வரை நின்றது. திரும்பி வந்தபோது நாற்காலியில் பாக்கெட் வைத்தபடியே இருந்தது. விளக்கு அணைக்கும் வரை இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும்.

மனிதர் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டார் என்று முடிவு செய்தேன். காரணங்களையும் நானே கொடுத்தேன்: அதிகம் பேசினேன், தண்டவாள நகைச்சுவையை இரண்டாம் முறை சொன்னேன், அவர் கப்பலின் கொடிமரம் கோணல் என்று தேவையில்லாமல் சொன்னேன். இல்லாத நண்பர் வராதபோது எனக்கு இப்படி வலித்ததே இல்லை. அந்த இல்லாதவர் எவ்வளவு நல்ல மனிதர் என்று அப்போதுதான் புரிந்தது.

சில நாள் கழித்து தேக்கா உணவங்காடியில் தோசைத் தட்டோடு இடம் தேடிக்கொண்டிருந்தேன். “அண்ணே!” என்று ஒரு குரல். அவரேதான். எதிர் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட். “இங்க, இந்தப் பக்கம் வாங்க. அது வீட்டுக்காரம்மாவுக்கு. தேத்தண்ணி வாங்கப் போயிருக்காங்க.”

உட்கார்ந்தேன். சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். “ஞாயித்துக்கெழம வரலையே?”

“வந்தேனேண்ணே! கூட்டத்துல பூந்து மேல ஏறி வந்து பாத்தேன், உங்க ரயில் ஸ்டேஷன் இருக்கு, நீங்க இல்ல. உங்க பக்கத்து நாக்காலில டிஷ்யூ. சரி, ஃப்ரெண்டு வந்துட்டாரு, ரெண்டு பேரும் எங்கயோ போயிருக்கீங்கன்னு நெனச்சேன். எப்பவோ ஒரு தடவ சேந்து வர்றவங்க நடுவுல நாம எதுக்குன்னு எறங்கிட்டேன்.”

“அதுக்கடுத்த வாரம்?”

“அப்பவும் படிக்கட்டுலேருந்து எட்டிப் பாத்தேன். நீங்க குனிஞ்சு என்னமோ ஒட்டிக்கிட்டு இருந்தீங்க. டிஷ்யூ இருந்துச்சு. அவரு டாய்லெட் போயிருப்பாருன்னு போயிட்டேன்.”

“அது உங்களுக்கு வச்சது.”

“எனக்கா?” நிஜமாகவே வியந்துபோனார். “டிஷ்யூல பேரா எழுதியிருக்கு? ஐயோ, தெரியாமப் போச்சேண்ணே. அப்ப உங்க ஃப்ரெண்டு?”

தோசையைப் பிய்த்தேன். சாம்பார் ஆறிப்போயிருந்தது. அதற்குள் கையில் இரண்டு குவளையோடு அவர் மனைவி வந்து நின்றார்.

“இவருதான்மா, அந்தப் பொம்மக் கட அண்ணன். நான் சொன்னேன்ல? ஒரே ப்ளாக்குல ஃப்ரெண்டு இருக்காரு, ஆனா கூட வர மாட்டாரு. ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டாரு. இவரு அப்பவும் எடம் புடிச்சு வச்சிருப்பாரு. அப்படி ஒரு சிநேகிதம்.”

அந்த அம்மா என் ஒற்றைத் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குவளைகளை மேசையில் வைத்து, நாற்காலியிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“இந்த ஞாயித்துக்கெழம உங்க ஃப்ரெண்ட வீட்லயே விட்டுட்டு வாங்கண்ணே,” என்றார்.