வசந்தியை ஞாபகம் வைத்திருந்த கம்பியூட்டர்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் கடைக்கு ஒரு மாணிக்க வியாபாரி வந்தார். கடை என்றால் இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கிற கொமியூனிகேஷன். போட்டோ பிரதி எடுக்கலாம், வெளிநாட்டுக்குப் பேசலாம், மூன்று கம்பியூட்டர்களில் இணையம் பார்க்கலாம். அவர் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, திரை நிறைய விளம்பர ஜன்னல்கள். ஒன்றை மூடினால் இரண்டு திறந்தன. "நங்கி, மேக்க வஹன்ன பே" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். மூட முடியவில்லையாம். நான் குனிந்து பார்த்தேன். அவர் பொறுமையிழந்து, "ஒக்கோம மகலா தான்ன" என்றார். எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்கிறார். நானும் பழக்கதோஷத்தில், குக்கீகள் எல்லாவற்றையும் அழிக்கிற பொத்தானில் சுட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அழுத்தவில்லை. சூடேறிய பழைய மானிட்டரின் தூசி வாசனை மூக்கில் ஏறியது, கை நின்றுவிட்டது.

அந்த நிமிஷத்தில் ஒரு யோசனை வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த வாசனை என்னை முதலில் நிவித்திகலப் பக்கம் றப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது இப்போது நினைத்தாலும் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கொழும்பில் மாமா வேலை செய்த இடத்தில் பழையவற்றைக் கழித்தபோது ஒன்றைக் கேட்டு வாங்கி, போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் அப்போதுதான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா என்றால் மற்றவர்கள் சொல்கிற சும்மா. மேசையில் வைத்தே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடித்ததில், அங்கே இருந்த சாமி படங்கள் ஒரு தட்டு மேலே ஏறின. இணையத்துக்கு, வயர் இல்லாத அந்த மேசைத் தொலைபேசி. அதற்கு ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் ஒரு பால்மா டின்னின் மேல் ஏற்றி வைத்தால்தான். மழை பிடித்தால் அதுவும் போய்விடும். இரத்தினபுரி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு ரவி அண்ணன் பாட்டு இறக்க வருவார். அவர் போகிற தளங்களிலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு விளம்பர ஜன்னல்கள் வந்தன. ஒருநாள் ஒரு ஜன்னல் மினுங்கிக்கொண்டே, நீங்கள்தான் பத்து இலட்சமாவது விருந்தாளி, உங்களுக்கு ஒரு பரிசு, முகவரி கொடுங்கள் என்றது. ரவி அண்ணன் தோட்டத்துப் பெயர், டிவிஷன், லயத்து இலக்கம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அடித்தார்.

எங்கள் பக்கத்தில் தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் வாசித்துக் கொடுப்பார். அதுவும் அவருக்கு ஞாபகம் வந்தால். ரவி அண்ணன் மூன்று வாரம், வேலை இல்லாத நாளிலும் சட்டை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றார்.

"என்னாண்ணே, மாப்பிள்ள மாதிரி நிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், "பார்சல் ஒன்னு வரணும்" என்பார். கடைசியில் ஒருநாள் ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டார். "ஏம் பரிச உள்ள எடுத்து வச்சிக்கிட்டுத் தரமாட்டேங்குறீங்க." கிளாக்கர் ஐயா முகம் சிவந்து போனார். ரவி அண்ணனைப் பத்து நாள் மலை மேல் தூரத்துக் காட்டுக்குப் பால் வெட்டப் போட்டார்கள்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிறகு கோபம் வந்தது. ஒரு மினுங்கல் ஜன்னல் ஒரு மனுஷனை இப்படி நிற்க வைப்பதா? இனி ஒரு ஜன்னல் எங்கள் வீட்டில் திறக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். கம்பியூட்டர் சஞ்சிகையோடு வந்த குறுந்தட்டில் ஒரு தடுப்பான் இருந்தது, அதைப் போட்டேன். அதோடு நின்றேனா? குக்கீ பற்றியும் அதே சஞ்சிகையில் படித்தேன். நாம் போகிற தளம் நம் கம்பியூட்டரில் விட்டுவிட்டுப் போகிற சின்னக் குறிப்பு அது. அடுத்த தடவை போனால், அட நீதானா என்று அடையாளம் கண்டுகொள்ளும். எனக்கு இது பிடிக்கவில்லை. யார் வீட்டில் யார் குறிப்பு எழுதுவது? ஒரு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, ஒன்றுவிடாமல் அத்தனையையும் அழித்தேன். அழித்துவிட்டு ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். அவ்வளவு திருப்தி.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். வசந்தி அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று ஆசை. முந்தின வருஷம் விண்ணப்பித்து, நேர்முகத்துக்கும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்ட கடிதம் பெரட்டில் அவள் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கம்பியூட்டர் வந்த வருஷம் இணையத்திலும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பதிலும் மின்னஞ்சலில் வரும். அதை விட்டால் அடுத்த வருஷம் அவளுக்கு வயது கடந்துவிடும். மழைக்கு நடுவே, சிக்னல் கிடைத்த நேரத்தில் எல்லாம், நாளுக்கு ஒரு பக்கமாக நான்கு நாள் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று தளமே சொன்னது. கடைசிப் பக்கம்தான் பாக்கி. அதே வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு விண்ணப்ப நேரம் முடிகிறது.

விட்ட இடத்தைத் தளம் எதில் குறித்து வைத்திருந்தது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான்தான் ஊகிக்கவில்லை.

அக்கா இரண்டரைக்கு வந்து உட்கார்ந்தாள். முதல் பக்கம் வெறுமையாகத் திறந்தது. மறுபடி திறந்தாள். வெறுமை.

"பாப்பா, என்னா செஞ்ச?"

"ஒன்னும் செய்யல. சுத்தம் பண்ணுனேன்."

"எத?"

"குக்கீ. எல்லாம் குப்பக்கா அது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அம்மா காலையில சிரட்டைய வழிக்கிறப்போ ஒட்டுப்பால வீசிட்டா வருது?" என்றாள். "கூடையில போட்டுச் சொமந்துக்கிட்டு வந்து ஸ்டோர்ல நிறுத்துக் குடுக்குது. நீ தினம் பாக்குறதானே. பாத்துமா ஒனக்குத் தெரியல?"

றப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைவிட என்ன சொல்லவேண்டும்? மரத்துச் சிரட்டையில் உறைந்து ஒட்டியிருக்கிற அந்த ஒட்டுப்பாலை எடுக்காவிட்டால் புதுப் பால் கெட்டுவிடும். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் யாரும் அதை எறிவதில்லை.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "நீ எழுதுக்கா, நான் அடிக்கிறேன்" என்று விசைப்பலகையைப் பிடுங்கினேன். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த ரவி அண்ணனை, தொலைபேசியை டின்னோடு தூக்கி ஜன்னலுக்கு வெளியே பிடிக்க வைத்தேன். "பரிசு வருமா பாப்பா?" என்று கேட்டார். "கைய ஆட்டாதீங்க" என்றேன். மூன்றரைக்கு மூன்று பக்கம் முடிந்தது. நான்காவதில்தான் சிக்கல்: இந்தப் பயிற்சியை ஏன் விரும்புகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அகராதி வைத்து இரண்டு மணித்தியாலம் அவள் செதுக்கியிருந்த பந்தி என் சுத்தத்தில் போய்விட்டது. யோசிக்க நேரம் இல்லை. அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடித்தேன். அவள் சொன்னது இதுதான்: போன தடவை கடிதம் ஒன்பது நாள் பிந்தி வந்தது. இந்தத் தடவை நான் கடிதத்துக்குக் காத்திருக்கப் போவதில்லை. நாலு வரிதான்.

கடைசிப் பக்கத்தையும் நிரப்பி, நான்கு நாற்பதுக்கு 'அனுப்பு' என்பதை அழுத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. முதல் இடி விழுந்தது.

"வயர கழட்டுங்கடி, கரண்டு அடிக்கும்" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். அக்கா எழுந்தே விட்டாள். அப்போதுதான் திரையின் உச்சியில் ஒரு மெல்லிய மஞ்சள் பட்டி கண்ணில் பட்டது. ஒரு ஜன்னலைத் தடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னது. படிவத்தின் கடைசிக் கேள்வி, இந்த விபரங்கள் உண்மையா என்பது, ஒரு சின்ன ஜன்னலில்தான் வரவேண்டியிருக்கிறது. என் தடுப்பான் அதையும் விழுங்கியிருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் திறந்துவிட்டேன். ஆம் என்று அக்காவே அழுத்தினாள். கிடைத்தது என்று பதில் வந்தது. வயரைக் கழற்றினோம். ரவி அண்ணன் முழங்கை வரை மழையில் நனைந்து, டின்னோடு இன்னமும் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கே பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில், ஜன்னல் திறக்கலாமென்றால் எந்தெந்தத் தளம், குறிப்பு விட்டுப்போகலாமென்றால் எந்தெந்தத் தளம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். மற்றவையெல்லாம் வெள்ளிக்கு வெள்ளி அழிபடும். ரவி அண்ணன் தன் பாட்டுத் தளத்துக்குத் தாளில் இடம் கேட்டு ஒரு மாதம் கெஞ்சினார். கிடைக்கவில்லை.

அக்காவுக்கு மின்னஞ்சல் வந்தது. பயிற்சிக்குத் தேர்வாகிக் கொழும்புக்குப் போனாள். அவள் போன பிறகும் அந்த மின்னஞ்சல் தளத்தைத் திறந்தால், வணக்கம் வசந்தி என்று ஆங்கிலத்தில் வரவேற்கும். அவள் விட்டுப்போன குறிப்பு அது. எத்தனையோ வெள்ளிக்கிழமை அழித்தேன், அதை மட்டும் தொட்டதில்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் "அந்தா, அக்கா பேரு" என்று அந்த இடத்தை விரலால் காட்டுவார்.

இந்த வருஷம் சித்திரையில் மின்னல் வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. வயரைக் கழற்ற ஆள் இல்லை. கம்பியூட்டர் உள்ளே கருகிவிட்டது. தொலைபேசியும் போயிற்று. ரவி அண்ணன் கட்டாருக்குப் போய்விட்டார். சாமி படங்கள் ஒரு தட்டு கீழே இறங்கிவிட்டன. வணக்கம் வசந்தி என்று சொல்ல அந்த வீட்டில் இப்போது ஒன்றும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்த மாணிக்க வியாபாரியிடம், "மாத்தயா, உங்களுக்கு வேண்டியது எது?" என்று சிங்களத்தில் கேட்டேன். யோசித்து இரண்டு தளங்களின் பெயர் சொன்னார். அவற்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். யோசனை என்றேனே, இதுதான்: கலண்டர் தாளில் எழுதியதை, தமிழிலும் சிங்களத்திலும், மூன்று கம்பியூட்டருக்குப் பக்கத்திலும் ஒட்டப்போகிறேன். முதலாளி, சுவர் அழுக்காகும் என்கிறார். நான் ஒட்டத்தான் போகிறேன். நாளைக் காலையில் கடை திறக்குமுன் முதல் வரியை அடிப்பேன். இதை அழி என்று அது தொடங்காது. உட்காருகிறவரிடம், உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்கும்.