அண்ணன் மாட்டிக் கொடுத்த ஃபேன்

வேன் அக்காவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு அவளுடைய அண்ணனைத் தெரியாது, அவ்வளவுதான். நடுரோட்டில் லாரியைக் குறுக்கே நிறுத்துகிறவனிடம் இறங்கிப் போய் நியாயம் கேட்கிறவள் அவள். காலையில் சொன்ன நேரத்துக்கு வராத பயணி பேங்க் மேனேஜராகவே இருந்தாலும் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். பத்துப் பேரை ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் உதிர்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பப் பொறுக்கிக்கொண்டு வருவதுதான் பிழைப்பு. அந்தப் பத்துப் பேரும் அவளிடம் வாய் திறக்க ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள்.

அண்ணன் மெக்கானிக். டவுனுக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட பட்டறை. வேலை சுத்தம், பேச்சு சுத்தம், கோபம் மட்டும் மூக்கு நுனியில். அதுவும் கத்துகிற கோபமாக இருந்தால் கத்தி ஓய்ந்ததும் அடங்கித் தொலையும். இவருடையது பேசாத கோபம். ஒரு தடவை அவர் பிரேக் மாற்றிக் கொடுத்த வண்டி கீச்சுக் கீச்சென்று கத்துகிறது என்று, அவருடைய மாமனார் வீட்டு ஆட்கள் நிறைந்திருந்த கூடத்தில் இவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றைக்கு வாயை மூடிய மனிதர் ஆறு வருஷம் திறக்கவில்லை. நடுவில் இவள் கணவருக்கு ஆபரேஷன் நடந்தபோது வந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார், நர்சிடம் எல்லா விவரமும் கேட்டார், இவள் நின்ற பக்கம் மட்டும் திரும்பாமல் போய்விட்டார். அப்பா அம்மா இல்லாத பெண்ணுக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு. ராத்திரி படுத்தால் அழுகை வரும், வேறு என்ன செய்ய.

அப்புறம் ஒரு நாள், யாருடைய நல்ல நேரமோ, பட்டறைக்கு நேர் எதிரிலேயே வேனின் தண்ணீர்க் குழாய் வெடித்து, புகை கிளம்பி, வண்டி நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே வந்த அண்ணன் பானட்டைத் தூக்கி வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"ரேடியேட்டரே போச்சு," என்றார்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் இவளிடம் பேசிய முதல் பேச்சு அது. போனது ரேடியேட்டர் இல்லை, இரண்டு சாண் ரப்பர் குழாய் என்று இவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஆனால் சொல்வாளா? ஆமாம் அண்ணா, போயே போச்சு என்று தலையாட்டினாள். அவர் பேசப் பேச இவள் ஆட்டினாள். ரேடியேட்டர் போனால் வாட்டர் பம்பும் போகும் என்றார், போகும் என்றாள். தெர்மோஸ்டாட், மூடி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாமே பழசு என்றார், அரதப் பழசு என்றாள். தங்கை வண்டியாயிற்றே என்று எல்லாவற்றையும் அவரே தன் கையால் மாற்றினார். புது ஃபேனின் பிளக் பழைய வயரோடு பொருந்தவில்லை. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒரே மாதிரி கறுப்பாக இருந்த இரண்டு வயரையும் ஒட்டுப்போட்டுக் கறுப்பு டேப் சுற்றினார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அதுவரை குழாய் ஒழுகுவதைத் தவிர ஒரு குறையும் இல்லாத வண்டி, எல்லாம் புதுசானதும் கொதிக்க ஆரம்பித்தது. வெட்டவெளி ரோட்டில் வேகமாகப் போனால் சொன்ன பேச்சைக் கேட்கும். டவுனுக்குள் நுழைந்து நெரிசலில் ஊர்ந்தால் சூடு காட்டும் ஊசி விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறும். வண்டிக்குள் ஹீட்டரைத் திறந்துவிட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே வந்து இன்ஜின் பிழைக்கும் என்பது டிரைவர்களுக்குத் தெரிந்த வித்தை. அதைத்தான் இவளும் செய்தாள். நல்ல வெயில் காலம். பத்துப் பேரும் வெந்தார்கள். முன்சீட்டில் உட்காரும் ஆடிட்டர், தினமும் இஸ்திரி கலையாமல் ஏறி, கிணற்றிலிருந்து தூக்கிவிட்டவர் மாதிரி இறங்கினார். இந்த மாதத்தோடு வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று எல்லோர் சார்பிலும் அவர்தான் தைரியமாகச் சொன்னார்.

அண்ணனிடம் போய், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாக ஆரம்பித்து, ஊசி கொஞ்சம் மேலே போகிற மாதிரி இருக்கிறது, எனக்குத்தான் கண் சரியில்லையோ என்னவோ என்று இழுப்பாள். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைப்பார். பல்வலி என்று போனால் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுமே, அதே கதைதான். நின்ற வண்டி கொதிக்கவே கொதிக்காது. ஒரு நாள், உள்ளே காற்று மாட்டியிருக்கிறது என்று மூடியைத் திறந்து, குழாயைப் பிசைந்து பிசைந்து குமிழி விடவைத்தார். இன்னொரு நாள் புது தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டு அதைவிடப் புதிதாக ஒன்று போட்டார். அப்புறம் மூடி. எல்லாம் தீர்ந்த பிறகு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி, ஊசிதான் பொய் சொல்கிறது என்று முடித்தார். ஒவ்வொரு தடவையும் ஃபேனைக் குனிந்து பார்ப்பார். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வண்டி கொதிப்பதில் இவளுக்கு ஒரு திருட்டு சந்தோஷமும் இருந்தது. கொதித்தால்தானே அண்ணனைப் பார்க்கப் போகலாம். டீ வாங்கிக் கொடுப்பார். அண்ணிக்கு முழங்கால் வலி என்பார். மாப்பிள்ளையின் தையல் மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்பார். பத்து ஜீவன்களை வேகவைத்துவிட்டு இவள் அங்கே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு காலை நெரிசலில் வண்டி கொதித்து ஓரங்கட்டினாள். முகம் துடைத்த ஈரத் துண்டை, காயட்டும் என்று முன்பக்கக் கிரில்மேல் போட்டாள். ஃபேன் கிளம்பியது. துண்டு எழும்பிப் பறந்து, அப்போதுதான் இறங்கிய ஆடிட்டர் முகத்தில் சப்பென்று அப்பிக்கொண்டது. அவர் திட்டியது எதுவும் இவள் காதில் ஏறவில்லை. முன்பெல்லாம் ஒரு காகிதம் பறந்து வந்தால்கூட அந்தக் கிரில்லில் ஒட்டிக்கொள்ளும். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இதுவோ உள்ளே இருக்கிற அனலை வெளியே ஊதுகிறது. மெல்லப் போகும்போது வருகிற கொஞ்சநஞ்சக் காற்றையும் எதிர்த்து ஊதித் தள்ளுகிறது. பட்டறையில் நின்ற வண்டிக்குச் சுமையும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை, அந்த ஊதலே போதுமாக இருந்திருக்கிறது. அண்ணன் இரண்டு வயரையும் மாற்றி ஒட்டியிருக்கிறார். சுற்றுகிறதா என்று பார்த்தாரே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

இதைப் போய் அவரிடம் யார் சொல்வது? பிரேக் கத்தியதற்கே ஆறு வருஷம். இதற்கு ஆயுசுக்கும் பேசமாட்டார். கணவர் சுருக்கமாக யோசனை சொன்னார். "நீயே மாத்திடு. மச்சான்கிட்ட மூச்சு விடாதே." அப்படியே செய்தாள். வயரை வெட்ட அவருடைய துணிக் கத்தரியைக் கேட்டதற்கு மட்டும், உயிரைக் கேள், தருகிறேன் என்றார். ஒரு மொக்கைக் கத்தியால் அறுத்து, இந்த வயரை அந்த வயரோடு முறுக்கி, வீட்டில் கிடந்த சிவப்பு டேப்பைச் சுற்றினாள். மறுநாள் அத்தனை நெரிசலிலும் ஊசி பாதியைத் தாண்டவில்லை. ஹீட்டரை மூடினாள். ஆடிட்டர் அன்றைக்கு இஸ்திரி கலையாமல் இறங்கினார்.

ஒரு வாரம் கழித்து மனசு கேட்காமல் பட்டறைக்குப் போனாள். வண்டி இப்போது தங்கம் அண்ணா என்றாள். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. புது சாமான் என்றால் பழகுவதற்குக் கொஞ்ச நாள் ஆகத்தான் செய்யும் என்று விளக்கம் வேறு கொடுத்தார். இவளும் ஆமாம் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். தன் கைவேலையை இன்னொரு தடவை பார்த்து ரசிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பானட்டைத் தூக்கினார்.

சிவப்பு டேப் கண்ணைக் குத்தியது. அவர் விரல் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே ஃபேன்வரை போயிற்று. பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஃபேன் கிளம்பும்வரை காத்திருந்து, ஒரு காகிதத்தைக் கிரில்முன் பிடித்தார். ஒட்டிக்கொண்டது. வண்டியை அணைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் கொட்டகைக்குள் போய்விட்டார்.

இவள் கொட்டகை வாசல்வரை போனாள். அண்ணா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பாவி, கறுப்பு டேப் வாங்க உனக்கு என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இனி எந்தக் குழாய் வெடித்து இந்த மனுஷன் வாய் திறப்பது?

வெளியே வந்தவர் கையில் பற்றவைக்கிற கம்பியும் ஈயமும் இருந்தன. சிவப்பு டேப்பைப் பிய்த்துப் போட்டார்.

"இப்படியா வயரை முறுக்குவாங்க? ஒரு மழைக்குத் தாங்குமா இது? நடுரோட்டுல நின்னா யாரு வந்து தள்றது?"

அதோடு நிற்கவில்லை. கத்தி பிடிக்கத் தெரியவில்லை என்றார், டேப் சுற்றத் தெரியவில்லை என்றார், சின்ன வயசிலிருந்தே எதிலும் பொறுமை கிடையாது என்றார். இவள் கைகட்டி நின்று ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டாள். இவ்வளவு இனிப்பாக யாரும் அவளைத் திட்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வேறு வந்து தொலைத்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" தலையைத் தூக்காமல் கேட்டார்.

"சொன்னா பேசாம போயிடுவியோன்னு பயம்ணா."

அவர் ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒட்டை ஊதி ஊதி ஆறவைத்தார். எப்போதோ ஆறிவிட்ட பிறகும் ஊதிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."

"வண்டியிலதான் இப்ப ஒரு கோளாறும் இல்லையேண்ணா."

"வண்டியை யாரு கூப்பிட்டா? பஸ்ல வா," என்றார் அண்ணன்.