எஸ்தருக்காகத் தட்டிய கைகள்

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த எஸ்தருக்கு, வெடிமருந்து தீப்பிடித்து இரண்டு கைகளும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதையும் மனதில் மறைத்து வைத்துப் பேச எனக்குத் தெரியாது; நேராகவே கேட்டுவிட்டேன்.

“இம்புட்டு ஜெபம் பண்ணுனியே, உன் சாமி என்ன செஞ்சாரு?”

அவள் சிரித்தாள். “உசுரை விட்டு வச்சிருக்காருல்ல மதினி. பாடத் தொண்டையும் இருக்கு. கைதான் தட்ட முடியலை. நீங்க தட்டுங்க, நான் பாடுதேன்.”

கட்டுப்போட்ட கைகளை மடியில் கிடத்திக்கொண்டு ஸ்தோத்திரப் பாட்டைப் பாடினாள். என் சாமிக்குக்கூட நான் கைதட்டிப் பாடியதில்லை. ஆனாலும் தட்டினேன்.

“மெதுவா மதினி! சரவெடி கணக்கா அடிக்கீகளே!”

பக்கத்துக் கட்டில்காரிகளும் சிரித்துவிட்டார்கள். அப்படியொரு சந்தோஷத்தை வசதியான வீடுகளிலும் நான் கண்டதில்லை.

எஸ்தரின் விரல்கள் இன்னும் சரியாக விரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலில் பாடும்போது, தட்டுவதற்கு நான் போய்விடுகிறேன்.