தலைவர் வீட்டுக்காரரின் மாநில உரிமை

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம்ம பக்கம் வந்த கதையில் ஆரம்பித்தால், ஜி.எஸ்.டி.யில் டெல்லி தராத பங்கில்தான் வந்து நிற்பார் இசக்கிதுரை. புளியறைச் சாலை டீக்கடையில் அதைக் கேட்க எப்போதும் ஆள் உண்டு. டீ ஓசியில் கிடைத்தால் எதையும் கேட்கலாம். வீட்டில் கேஸ் தீர்ந்ததை நாலு தடவை சொன்னாலும் அவர் காதில் மட்டும் ஏறாது.

ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது மனைவி மங்களேஸ்வரியை நிறுத்தினார். அவள் ஜெயித்தாள், மாலை அவர் கழுத்தில் விழுந்தது. ஆபீஸ் நாற்காலியிலும் அவரே உட்கார்ந்துகொண்டார். ஊரும் கூச்சமில்லாமல் அவரைத்தான் 'தலைவரே' என்றது. கையெழுத்து வேண்டுமென்றால் செயலர் ஜோயல் அடுப்படிக்கு வருவார். அவள் மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டுக்கொடுப்பாள்.

கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற லாரி ஒன்று, குறுக்கு வழியென்று அங்கன்வாடித் தெருவுக்குள் புகுந்து சுவரை இடித்துத் தள்ளும் வரை அவளும் பொறுத்துக்கொண்டாள். பிள்ளைகள் சோறு தின்ன உள்ளே போயிருந்ததால் பிழைத்தன. இனி அந்தத் தெருவில் லாரி வரக்கூடாது, கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும் என்றாள். லாரிக்காரர்கள் இசக்கிதுரைக்கு வேண்டியவர்கள். நாட்டு விஷயமே பேசித் தீரவில்லை, தெரு விஷயத்துக்கு இப்போது என்ன அவசரம் என்றார்.

சுதந்திர தினத்தன்று கிராம சபை. குற்றாலத்தில் சாரல் விழுந்து அருவியெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து வந்த தன் கட்சிக்காரர்களை இசக்கிதுரை காலையிலேயே குளிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தான் வராமல் கூட்டத்தை எவள் தொடங்கப் போகிறாள் என்ற நினைப்பு.

மங்களேஸ்வரி கொடியை ஏற்றினாள். சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தைத் தொடங்கினாள். அங்கன்வாடித் தெருப் பெண்கள் ஒருத்தி விடாமல் வந்திருந்தார்கள். ஜோயல் தீர்மானத்தை வாசித்தார், எல்லாரும் கை தூக்கினார்கள். இவ்வளவுதான் வேலை.

தலையில் எண்ணெய்ப் பிசுக்கும் தோளில் ஈரத் துண்டுமாக வந்த இசக்கிதுரை நேரே மைக்கைப் பிடித்தார். மாநிலத்தைக் கேட்காமல் டெல்லி சட்டம் போடுகிற அநியாயத்தை விளக்கத் தொடங்கினார். ஜோயல் பக்கத்தில் போய்க் காதில் விஷயத்தைச் சொன்னதும் முகம் கறுத்துவிட்டது.

"ஏட்டி, யாரக் கேட்டுத் தீர்மானம் போட்ட?"

மைக் அணையவில்லை. ஊருக்கே கேட்டது.

மங்களேஸ்வரி எழுந்திருக்கவில்லை. "அந்தத் தெருக்காரங்களக் கேட்டுத்தான் போட்டேன். கேக்காமப் போட்டாத்தான் அநியாயம்னு இப்பம் நீங்கதான சொல்லுதிய."

பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணாச்சி, மொதல்ல தலையத் தொவட்டுங்க, சளி பிடிச்சிரும்" என்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது.

தலைவர் நாற்காலியில் தலைவர் உட்கார்ந்திருந்தாள். வேறு நாற்காலி ஒன்றும் காலியில்லை. இசக்கிதுரை கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். யாரும் இடம் விடவில்லை.

தெரு முக்கில் லாரி நுழையாதபடி தூண் ஊன்ற ஆட்கள் குழி வெட்டியபோது, டீக்கடையில் செங்கோட்டைக் கதை மறுபடி முதலிலிருந்து நடந்துகொண்டிருந்தது.