கடப்பாரையின் நிழல்

பூபதி வரைந்த அடியைப் பார்த்தால் பார்க்கிறவர் தோள் வலிக்கும். அவன் நாமக்கல்லில் ஒரு மண்டையை உடைத்தால் ஓமலூரில் ரத்தம் சொட்டும். பக்கத்து வீட்டுக்காரியான நானே ஒருமுறை அவன் போன் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு, கறை போகவில்லையே என்று சோப்பு எடுத்து வந்தேன். சரி, சோப்பு வரைக்கும் போகவில்லை. முந்தானையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பூபதி வெல்டர். வயது முப்பத்திரண்டு. எருமப்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பைக்கில் போய் வருவான். மதியச் சாப்பாடு முடிந்ததும் மற்றவர்கள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். அவன் பாதி கட்டிய லாரிக்கு அடியில் உட்கார்ந்து, மூலை உடைந்த போனில் விரல் நுனியால் ஆட்களைக் கொல்லுவான். ‘கடப்பாரை’ என்பது அவன் வெப்காமிக்ஸின் பெயர். ஏழு வருஷமாக இணையத்தில் போட்டு வந்தான். முதல் ஐம்பது அத்தியாயத்தில் எழுபத்தோரு பேர் செத்தார்கள். அதில் ஒன்பது பேர் இரண்டு தடவை செத்தார்கள். முகமெல்லாம் ஒரே அச்சாக இருந்ததால் யாரை ஏற்கெனவே தீர்த்துவிட்டோம் என்பது வரைந்தவனுக்கே தெரியவில்லை.

அத்தனை கொலையும் ஒத்திகை. அவன் வரைய நினைத்தது ஒரே ஓர் அடியை.

அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் அப்பா குழந்தைவேலுக்கும், பங்காளி முறையில் பெரியப்பனான செங்கோட்டையனுக்கும் பொதுக் கிணறு. ஆளுக்கு நான்கு நாள் தண்ணீர் முறை. அன்று குழந்தைவேலின் முறை. மாலை நான்கு மணி இருக்கும். குழந்தைவேல் குனிந்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். முறை தன்னுடையது என்று கத்திக்கொண்டு வந்த செங்கோட்டையன், வரப்பில் நட்டிருந்த கடப்பாரையைப் பிடுங்கி அவர்மேல் இறக்கினார். மோட்டார் ரூம் கூரைமேல் புளியங்காய் தின்றுகொண்டிருந்த பூபதியைத் தவிர சாட்சி கிடையாது. முன்கை எலும்பு இரண்டும் முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பச்சை மூங்கில் முறிவது போல ஒரு சத்தம். வால்வுக்குழியில் நின்ற தண்ணீர் சிவந்தது.

பஞ்சாயத்தில் பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். கேஸ் கீஸ் என்று போனால் கிணறு இரண்டு வீட்டுக்கும் இல்லாமல் போகும் என்றார்கள். கருப்பனார் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றினார்கள். குழந்தைவேல், தான் வரப்பில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி அதை அணைத்துச் சத்தியம் செய்தார். வலது கை கட்டில் இருந்ததால் இடது கையால் அணைத்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவர் வாயில் ஒரே பதில்தான்: வழுக்கி விழுந்துவிட்டேன். கை கோணலாகவே கூடியது. பிசைந்த சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் உதிரும்.

கல்யாணமாகி வந்த புதிதில் பூபதியின் மனைவி பிரபா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, இடது கையில் செய்த சத்தியத்தைச் சாமி எந்தக் கணக்கில் வைத்திருக்கும் என்று மாமனாரிடமே கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

போன வருஷம் பூபதி துணிந்து அந்த அடியை வரைந்து போட்டான். ஆள் பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை. ஒரு கிணறு, குனிந்த ஒருவன், கடப்பாரையோடு ஒருவன். இருபது வருஷம் நெஞ்சில் சுமந்த படம். கீழே முதலில் வந்த கருத்து இது: “அடிச்ச மாதிரி தெரியல ப்ரோ. வழுக்கி விழுந்த மாதிரி இருக்கு.”

பூபதி அன்று சாப்பிடவில்லை. ஊர் சொன்ன பொய்யை அவன் கையே வரைந்து கொடுத்திருக்கிறது. பார்த்தவன் அவன் ஒருவன். அவன் வரைந்தும் அது விழுந்ததாகத்தான் தெரியுமென்றால், அப்பா விழுந்தவர்தான். முடிந்தது கதை.

மூன்றாம் நாள் இன்னொரு கருத்து வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் கிருத்திகா என்ற கல்லூரிப் பெண். இவனைப் போலவே பொழுதுபோக்குக்குப் படம் போடுகிறவள். நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். உங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தாடைக்குக் கீழேதான் வெளிச்சம் அடிக்கிறது, உங்கள் ஊரில் சூரியனைத் தரையில் புதைத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். வெளுப்பு, கறுப்பு இரண்டுதான் இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லையே என்றும் எழுதியிருந்தாள்.

பூபதி ஏழு வருஷப் படத்தையும் முதலிலிருந்து புரட்டினான். அவள் சொன்னது நிஜம். செத்த அத்தனை பேரும் கீழேயிருந்து வெளிச்சம் வாங்கித்தான் செத்திருந்தார்கள். வேறெப்படி இருக்கும்? பதினான்கு வருஷமாகக் குத்துக்காலிட்டு, கறுப்புக் கண்ணாடி வழியாகத் தன் கைக்குக் கீழே எரியும் பொறியைப் பார்க்கிறவன் அவன். அந்தக் கண்ணாடிக்குள் பொறி ஒன்று, இருட்டு ஒன்று. மூன்றாவது நிறம் கிடையாது. கண் அப்படியே பழகிவிட்டது. நான்கு மணி வெயிலில் நடந்த அடியை அவன் வெல்டிங் பொறியில் வைத்து வரைந்திருந்தான்.

அதன்பிறகு அவன் மதியத்தில் போனை எடுக்கவில்லை. துருப்பிடித்த தகரத்தை நிமிர்த்தி வைத்து, அளவு குறிக்கிற சாக்பீஸால் அதில் வரைந்தான். வெளிச்சத்துக்குச் சாக்பீஸ், இருட்டுக்கு கிரீஸ், இரண்டுக்கும் நடுவே துரு. கட்டைவிரலால் தேய்க்கத் தேய்க்கச் சாக்பீஸ் துருவோடு கலந்து, இல்லாத மூன்றாவது நிறம் பிறந்தது. முதல் மாதம் முட்டை, உருளை, மடங்கிய முழங்கை. அடுத்த மாதம் பிளந்த மண்டை, நசுங்கிய மூக்கு, பல் தெறிக்கிற வாய். அந்தத் தகரமெல்லாம் பெயிண்ட் பூசி லாரிகளில் ஏறிப் போய்விட்டது. இன்றைக்கு குஜராத் போகிற நாமக்கல் லாரிகளில் பாதி, பெயிண்டுக்கு அடியில் ஒரு வெட்டுக்குத்தைச் சுமந்துகொண்டுதான் போகிறது என்று நான் சொல்லுவேன். பாதி இல்லாவிட்டால் ஆறு லாரி.

சதையெல்லாம் வந்துவிட்டது. அடி மட்டும் வரவில்லை. கடப்பாரை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று தனித்தனியாக நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, வைக்கோலை அடைத்து ஒரு பொம்மை கட்டினான். அதற்கு அப்பாவின் வெள்ளை பனியனைப் போட்டு, களத்தில் குனிந்தாற்போல் நிறுத்தினான். முதுகு மேற்கே. தலைக்கு ஒரு பூசணிக்காய். கடப்பாரையைப் பிரபா கையில் கொடுத்துவிட்டு, அன்று இருந்தது போல உயரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்று வைக்கோல் போரில் ஏறிக்கொண்டான்.

“ஏனுங்க, நெசமாவே அடிக்கறதுங்களா?”

“நெசமாத்தான்.”

“மொகத்துல கோவம் வேணுங்களா? போன தீவாளிக்கு எடுத்துத் தாரேன்னு சொன்ன சேலைய நெனச்சுக்கறேன்.”

நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. முதல் அடியில் பூசணிக்காய் மூன்றாகப் பிளந்து விதை மாட்டின் முகத்தில் தெறித்தது. இரண்டாவதில் பொம்மையின் விலா உள்ளே போனது. பத்தாவது அடிக்குள் பனியன் கந்தலாகி வைக்கோல் குடலைப் போலத் தொங்கியது. கட்டிலில் உட்கார்ந்திருந்த குழந்தைவேல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “உழுந்தவனப் போயி எதுக்கு அம்மணி இந்த அடி அடிக்கற?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரபா பதினொன்றாவது அடிக்குக் கடப்பாரையைத் தூக்கியபோதுதான் பூபதி அதைக் கண்டான். கடப்பாரை இன்னும் மேலேதான் இருந்தது. ஆனால் அதன் நிழல் முன்னாலேயே வந்து, பனியன்மேல் குறுக்காக விழுந்துவிட்டது. சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால். இரும்பு வருவதற்கு முன் நிழல் வந்து இடத்தைக் குறித்துவிடுகிறது.

அவளை அப்படியே நிற்கச் சொன்னான். கை வலிக்குது என்றாள், நில் என்றான். இருபது வருஷத்துக்கு முந்திய மாலை முழுசாக வந்து நின்றது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. தன் முன்னால் ஓடிவந்த நிழலைத்தான் பார்த்தார். பார்த்ததால்தான் வலது கையைத் தலைக்குமேல் தூக்கினார். விழுகிறவன் கையைக் கீழே ஊன்றுவான்; மேலே தூக்கமாட்டான்.

பதினேழு நாள் வரைந்தான். வெள்ளை பனியன்மேல் சாய்ந்த நிழல். முன்கையைத் தொடும் இடத்தில் இரும்பும் நிழலும் ஒன்றாகச் சேர்ந்து கன்னங்கரேலென்று ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து எலும்பு வெளுப்பாகக் கிளம்புகிறது. அடித்தவன் கன்னத்தில் இருந்த குழிக்கும் மறக்காமல் நிழல் போட்டான். படம் இணையத்தில் ஏறிய சாயங்காலம் கிருத்திகா ஒரே வரி எழுதினாள்: “இந்தக் கை யாரோடது? அவருக்கு இப்ப எப்படி இருக்கு?”

 பூபதி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

ஏழு வருஷமாகச் செங்கோட்டையனைத்தான் அவன் வில்லனாக வரைந்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. கன்னக்குழிக்கு நிழல் போட்டதும் ஊரே கண்டுகொண்டது. ஊர் வாட்ஸப் குழுவில் காலையில் படம் சுற்றியது. பதினொரு மணிக்குச் செங்கோட்டையனின் மகன் வெங்கடாசலம் பட்டறைக்கு வந்துவிட்டார். கையில் ஜாக்கி திருகுகிற இரும்பு ராடு.

பூபதி லாரியின் அடிச்சட்டமான சேஸின்மேல் குனிந்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். படத்தை அழிக்கச் சொன்னார் வெங்கடாசலம். எங்கப்பனைக் கொலைகாரனாக வரைந்து ஊர் சிரிக்க வைப்பாயா என்று கேட்டார். பதினான்கு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பூபதி கண்ணாடியைக் கழற்றினான். “ஏனுங்கண்ணா, படத்துல பேரே போடலீங்களே. அது பெரியப்பன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

பதிலுக்கு ராடு பேசியது. முதல் வீச்சு இடது தோளில். சட்டையோடு சதை பிய்ந்தது. இரண்டாவது சட்டைப் பையில். போன் பொடியாகி, கண்ணாடித் துண்டு நெஞ்சில் ஏறியது. பூபதி தகரத்தின்மேல் குப்புற விழுந்தான். வாயில் ரத்தமும் துருவும். இழுத்துப் பிடிக்க வந்த இரண்டு பேரில் ஒருவன் முழங்காலில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெங்கடாசலத்தின் கால் பூபதியின் வலது மணிக்கட்டின்மேல் ஏறி நின்றது. “இந்தக் கைதானே வரஞ்சுது” என்றார்.

பூபதியின் கண் தகரத்தில் இருந்தது. கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில், ராடின் நிழல் அந்தத் தகரத்தில் சரசரவென்று நீண்டு அவன் முன்கையை நோக்கி வந்தது. இரும்பு இன்னும் மேலேதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவனைவிட நன்றாக அதை யார் அறிவார்? நிழல் தொடுவதற்கு ஒரு நொடி முன் உடம்பைப் புரட்டிக் கையை உருவிக்கொண்டான். ராடு வெறுந்தகரத்தில் இறங்கித் தீப்பொறி கக்கியது. புரண்ட வேகத்தில் கையில் சிக்கிய வெல்டிங் ஹோல்டரின் குச்சியைப் பூபதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சேஸில் உரசினான்.

வெறுங்கண்ணால் அந்தப் பொறியை முழங்கை தூரத்தில் பார்த்தவன் நிற்கமாட்டான். வெங்கடாசலம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். ராடு இப்போது பூபதி கையில் இருந்தது.

வெள்ளைச் சட்டை முதுகு. குனிந்த தலை. தூக்கிய ராடின் நிழல் அந்த முதுகில் குறுக்காக விழுந்தது, அவன் வரைந்த அதே சாய்வில்.  பூபதி இறக்கினான். வெங்கடாசலத்தின் காதுக்கு நான்கு விரல் தள்ளி, தகரம் பள்ளமாகி அலறியது. அந்தப் பள்ளம் விழுந்த தகரத்தை இன்னும் பட்டறையில் வைத்திருக்கிறார்கள்.

“உழுந்தாருங்களா, அடிச்சாருங்களா?” என்று கேட்டான்.

வெங்கடாசலம் கண்ணைத் திறக்க முடியாமல், எதிரே இருக்கிறவர்கள் யாரென்றும் தெரியாமல், பதினான்கு பேர் கேட்கச் சொன்னார்: “அடிச்சாரு.”

அப்புறம் எரிச்சல் அடங்க அவர் கண்மேல் பச்சை உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அரிந்து வைத்ததும் அந்தப் பட்டறைக்காரர்கள்தான். பூபதிக்குத் தோளில் பதினொரு தையல், நெஞ்சில் நான்கு. செங்கோட்டையன் அடுத்த முறைத் தண்ணீருக்குக் கிணற்றுப் பக்கம் வரவில்லை; ஆளனுப்பி மோட்டாரைப் போட்டார்.

இவ்வளவையும் எழுதி, தப்பிருந்தால் திருத்தட்டும் என்று, பூபதி வீட்டுக் களத்தில் எல்லாரும் இருக்கும்போது வாசித்துக் காட்டினேன். பூபதி புதுப் போனில் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தான். பிரபா தன் சேலை விஷயத்தை அப்படியே எழுதியிருக்கிறேனா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள். ‘அவன் வரைய நினைத்தது ஒரே ஓர் அடியை’ என்ற வரியைத் தேடியெடுத்து, கடைசியாக இன்னொரு தடவை வாசித்தேன். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

கட்டிலில் இருந்த குழந்தைவேல் கோணல் கையால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு இல்லீங்கம்மா, ரெண்டு. மொத அடி கையில. ரெண்டாவது முதுவுல உழுவறப்ப இவன் மோட்டார் ரூம் மேல கண்ண மூடிக்கிட்டான். நான் பாத்தேன்.”