எக்ஸ்ரேயில் வெட்டிய எழுத்து

என் அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று என்னிடம் இருக்கிறது. எந்த ஊரில் அறை எடுத்தாலும் முதலில் அதை மாட்ட ஓர் ஆணி தேடுவேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விலா எலும்புகள் தெரியும். இரண்டு பக்கமும் பர்கூர் கல்குவாரித் தூசி படிந்த இடங்கள் மார்கழிப் பனி மாதிரி வெளுத்திருக்கும். அந்த எலும்புகளுக்குக் குறுக்கே பிளேடால் வெட்டிய மூன்று வரி எழுத்து, ஓரமெல்லாம் காய்ந்த சிவப்புப் பெயின்ட். அப்பா குவாரியில் கல்லுக்குத் துளை போடும் மிஷின் பிடித்தவர். நான் ஏழாவது படிக்கும்போது இறந்தார். அடுத்த வருடம் டீச்சர் கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஏதாவது கொண்டுவரச் சொன்னபோது, இதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போ. அவரு நெஞ்ச வெச்சிக்கிட்டு இனிமே நாம என்னா பண்ணப் போறோம்" என்றாள். அவளுக்குச் செங்கல் சூளைக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் குறிப்பில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. டீச்சரின் பெயர் ஒருமுறை அச்சில் ஏறிப் பட்டது போதும். தாளாளரின் பெயர் பள்ளிச் சுவரிலும் வேன்களிலும் கருங்கல் பலகையிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதற்கு நானும் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் சாலையை ஒட்டிய பள்ளி அது. பின்பக்கம் விடுதி. குவாரிக்கும் சூளைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தோம். டீச்சர் ராயக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கல்லூரி முடித்து வந்த புதிது, எங்களில் உயரமான பெண்களுக்கு அக்கா என்று சொல்லலாம். எங்களுக்குச் சமூக அறிவியல் எடுத்தார். அச்சு இயந்திரம் வந்தபோது ஐரோப்பாவின் இடைக்கால வாழ்க்கை எப்படி மாறியது என்பது பாடம். புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் கேள்வி பதிலை அடிக்கோடு போடச் சொல்லி மணி அடிப்பதற்குள் முடித்திருப்பார்கள். டீச்சர் அதை ஒரு வாரம் இழுத்தார்.

முதல் நாள் ஒரு சின்னக் கதையை எழுதி முதல் பெஞ்சில் கொடுத்தார். அதைப் பார்த்து அடுத்தவள் எழுத வேண்டும், அவள் எழுதியதைப் பார்த்து அதற்கு அடுத்தவள். முதல் பெஞ்சில் ஒரு விவசாயி மாட்டை விற்கச் சந்தைக்குப் போனான். கடைசி பெஞ்சுக்கு வந்தபோது மாடு சந்தைக்குப் போய் விவசாயியை விற்றுவிட்டிருந்தது. வகுப்பே உருண்டு சிரித்தது. டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தக் காலத்தில் புத்தகமெல்லாம் இப்படித்தான் கையால் எழுதப்பட்டது, ஒரு புத்தகம் முடிய மாதக்கணக்காகும், அதனால் சர்ச்சிலும் அரண்மனையிலும்தான் புத்தகம் இருந்தது, அவர்கள் வாசித்துச் சொன்னதை மற்றவர்கள் கைகட்டிக் கேட்டார்கள் என்றார். அச்சு வந்த பிறகு ரொட்டி சுடுகிறவனும் செருப்பு தைக்கிறவனும் பைபிளையோ ஒரு தாளையோ வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்னது இதில் எங்கே இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் சொன்ன வாக்கியம் எனக்கு இன்னும் அவர் குரலிலேயே கேட்கிறது: "படிச்சிக் காட்டுறவன் பொய் சொல்றானான்னு தெரியணும்னா, நம்ம கையிலயும் ஒண்ணு இருக்கணும்."

அச்சு இயந்திரத்துக்கு நாங்கள் எங்கே போவது? ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டிகள் மேல் வியாபாரியின் அடையாளம் போடுவார்களே, அந்த முறையை டீச்சர் கொண்டுவந்தார். தகட்டில் எழுத்தை வெட்டி, பெட்டி மேல் வைத்து, மேலே பெயின்ட்டைத் தடவுவது. யார் தடவினாலும் எழுத்து ஒரே மாதிரி வரும். தகட்டுக்குப் பதில் நாங்கள் பழைய எக்ஸ்ரே படங்கள் கொண்டுவந்தோம். முழங்கால், கை, ஒருத்தி தன் மாமாவின் தாடை என்று வகுப்பு முழுக்க எலும்பு. சுழித்து மூடுகிற எழுத்துகளை வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும், அதைத் தாங்க ஒரு சின்னப் பாலம் விட வேண்டும் என்பது முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியவில்லை. மண்டியில் கேட்டுக்கொண்டு வந்து மறுநாள் சொன்னார்.

அந்த வாரம்தான் விடுதியில் மஞ்சள் காமாலை பரவியது. எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவளுக்குக் கண் மஞ்சளாகி, வீட்டிலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டாள். பள்ளிக்குத் திரும்பவில்லை. தாளாளர் காலைக் கூட்டத்தில் மைக் பிடித்து, பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே கண்டதையும் வாங்கித் தின்பதால் வந்தது இது, விடுதித் தண்ணீர் தேன் மாதிரி இருக்கிறது என்றார். எங்கள் கையில் வெளியே வாங்கித் தின்னக் காசு எது? மாடித் தொட்டிக்கு மூடி பாதிதான் இருந்தது, குழாயில் இறகு வந்தது, எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் எதை வெட்டலாம் என்று டீச்சர் கேட்டார். மற்றவர்கள் தங்கள் பெயரைச் சொன்னார்கள். நான் தொட்டியைப் பற்றி ஒரு வரி சொன்னேன். "நெசமான்னு பாத்தியா?" என்றார். ஏறிப் பார்த்தேன், புறா செத்துக் கிடக்கிறது என்றேன். அவரும் மதிய மணிக்கு ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பிளேடை என் கையில் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பாருங்கள். அவ்வளவுதான் வாசகம். கேட்டுக்கு அடித்து மீந்த சிவப்புப் பெயின்ட்டைப் பஞ்சில் தொட்டு, பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம் எல்லாம் அடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அப்பா அம்மாக்களின் கையில் ஆளுக்கு ஒன்று இருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டினார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். புறாவை ஒரு குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினார். அன்று சாயங்காலமே தொட்டி கழுவப்பட்டது. மறுநாள் கூட்டத்தில் தாளாளர் யார் செய்தது என்று கேட்டபோது நான் காலை எடுத்து வைப்பதற்குள் டீச்சர் முன்னால் போய், "பாடம் நான் நடத்துனது சார்" என்றார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். எனக்கு டி.சி. கிழித்துக் கொடுத்தார்கள். டீச்சரைப் போகச் சொன்னார்கள்.

இதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். பெற்றோர்கள் டீச்சர் பக்கம் நின்றார்கள், அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் பள்ளி வேனிலிருந்தே இறங்கி, பள்ளி அட்டெண்டரே பஸ் நிலையத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தான். மஞ்சள் தாள், நல்ல அச்சு. டீச்சரின் முழுப் பெயர், ஊர், அவர் கிறிஸ்தவர் என்ற தகவல். சரித்திரப் பாடம் என்ற போர்வையில் பிள்ளைகளுக்கு வேதம் ஓதுகிறார், ஏழைப் பிள்ளைகளை மதம் மாற்றப் பார்க்கிறார், பெற்றோர்களே உஷார். கீழே 'பெற்றோர் நலம் விரும்பிகள்' என்று மட்டும். மக்கள் பைபிளைத் தங்கள் மொழியில் படித்து அதே சர்ச்சுக்காரர்களைக் கேள்வி கேட்டார்கள் என்று டீச்சர் சொன்னது, சுற்றி வந்து இந்த உருவத்தில் நின்றது. எங்கள் வகுப்பில் மாடு விவசாயியை விற்றது தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்து செய்தார்கள். கேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தொட்டிக்குள் புறாவைக் கண்ணால் பார்த்தவரும் போனார். என் அம்மாவும் போனாள்.

டீச்சருக்கு அதன்பிறகு எந்தப் பள்ளியும் வேலை கொடுக்கவில்லை. காவேரிப்பட்டினத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடும் வேலைக்குப் போனார். கல்யாணம் இரண்டு இடத்தில் பேசி நின்றது. பல வருடம் கழித்து அந்தக் கடையில் அவரைப் பார்த்தேன். யாரோ வேண்டாம் என்று தள்ளிய சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆளை நான் மன்னிச்சிட்டேன், நீயும் விட்டுடு என்றார். அவர் மன்னித்தது அவர் விருப்பம். என் கணக்கு வேறு.

நான் எங்கும் நிலைத்து இருந்தவள் இல்லை. ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் கொட்டகையில் முள் கையைக் கிழித்தது, ராயக்கோட்டை மண்டியில் பெட்டிக்கு மார்க் அடித்தேன், தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி ஒட்டினேன், எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறையில் சில வருடம். கம்பெனி பூட்டினால் வேறு கம்பெனி. பசித்த நாளும் உண்டு, பஸ் நிலையத்தில் படுத்த நாளும் உண்டு, அதில் எழுத ஒன்றும் இல்லை. கன்னடமும் தெலுங்கும் வேலையோடு வந்து ஒட்டிக்கொண்டன. பழைய புத்தகக் கடைகளில் அச்சைப் பற்றி எது கிடைத்தாலும் படித்தேன். டீச்சர் சொல்லாத ஒன்றை அங்கேதான் கண்டேன். அச்சு இயந்திரம் உண்மையை மட்டும் அடிக்கவில்லை. சூனியக்காரிகளை எப்படிக் கண்டுபிடித்துத் தண்டிப்பது என்று சொன்ன புத்தகங்களையும் அதே இயந்திரம்தான் அடித்துத் தள்ளியது, அதைப் படித்துவிட்டுப் பெண்களை எரித்தார்கள். மஞ்சள் நோட்டீஸ் எனக்கு அப்போது புரிந்தது.

இப்போது குழந்தைகளுக்குப் புத்தகம் வாசிக்கப் பழக்கும் குழு ஒன்றோடு பள்ளி பள்ளியாகப் போகிறேன். மரச் சட்டம், மை, தாள், ஒரு பை. அச்சு வந்து இடைக்காலத்தை என்ன செய்தது என்று சொல்லிக் கொடுப்பது என் பங்கு. அந்தப் பள்ளி தானாக எங்களைக் கூப்பிடவில்லை. அதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னவள் நான். போன மாதம் போனோம். கட்டடம் மூன்று மாடி ஆகியிருந்தது. தொழிற்பேட்டைக்கு மதுரையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், கன்னடப் பிள்ளைகள். தாளாளர் முன் வரிசையில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது, தோளில் பொன்னாடை, பக்கத்து ஸ்டூலில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில். என்னைத் தெரியவில்லை. "நல்லா சொல்லிக் குடும்மா" என்றார். சரிங்க ஐயா என்றேன்.

கதையை நகல் எடுக்க விட்டேன். இந்த முறை மாடு டாக்டராகிவிட்டது. சிரித்து அடங்கியதும் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த மஞ்சள் நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்தேன். டீச்சரின் பெயரை முன்பே கறுப்பு மையால் மூடியிருந்தேன். அச்சில் பொய்யும் வரும், அதை எப்படிப் பிடிப்பது என்று பார்க்கலாம் என்று சொல்லி, முழுவதையும் வாசித்தேன். அச்சடித்த நோட்டீஸில் அச்சகத்தின் பெயர் கீழே இருக்க வேண்டும், இதில் இருக்கிறதா பாருங்கள் என்றேன். வரிசையாக வந்து பார்த்தார்கள்.

"இல்ல மிஸ்."

"ஏன் போடல?"

"போட்டா மாட்டிக்குவாங்க" என்றாள் இரட்டைச் சடைக்காரி. பின்னாலிருந்து ஒருவன், "தைரியம் இல்லாத பசங்க மிஸ்" என்றான். சோபாவின் கைப்பிடியில் விரல்கள் அசைவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த டீச்சர் நிஜமாகவே அப்படிச் செய்தார்களா என்று இரட்டைச் சடைக்காரி கேட்டாள். இல்லை, அவர் செய்தது இதுதான் என்று சொல்லி, எக்ஸ்ரேயை மேசை மேல் வைத்தேன். நீல மை. ஒவ்வொரு குழந்தையும் வந்து, தன் கையால் தடவி, தன் தாளை எடுத்துக்கொண்டு போனது. பாதி அரங்கு முடிந்திருக்கும்போது ஒருத்தி தன் தாளைச் சத்தமாக வாசித்தாள்.

தாளாளர் எழுந்து மேசைக்கு வந்தார். முதலில் தாளைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. குரல் மட்டும் மாறவில்லை.

"நீ யாரு ஊட்டுப் பொண்ணு?"

நான் எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே அவர் பார்க்கும்படி பிடித்தேன். விலா எலும்பு, தூசி, மூன்று வரி.

"இவரு பொண்ணுங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளிடமிருந்து தாள்களைத் திரும்ப வாங்கச் சொல்லிப் பிரின்சிபாலுக்கு உத்தரவு போனது. கொஞ்சம் வந்தன. மிச்சம் சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் வேன் ஏறிப் போய்விட்டன. அடுத்த வாரம் சில பெற்றோர்கள் வந்து மாடித் தொட்டியைத் திறக்கச் சொன்னார்களாம், எங்கள் குழுவைச் சேர்ந்தவர் சொன்னார். இப்போதைய தொட்டி சுத்தமாகத்தான் இருந்திருக்கும். அது எனக்கு முக்கியம் இல்லை. தாளாளர் சாவியை எடுத்து, எல்லோரும் பார்க்க, பூட்டைத் திறந்தார். யார் அந்த டீச்சர், யார் அடித்த நோட்டீஸ் என்று அந்த வீடுகளில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சைத் திரும்ப வாங்க அவரிடம் வேன் இல்லை.

டீச்சருக்குப் போனில் சொன்னேன். உனக்கு இது தேவையா என்று திட்டுவார் என்றிருந்தேன். "பசங்களுக்குப் பாடம் புரிஞ்சிதா?" என்று மட்டும் கேட்டார்.

எக்ஸ்ரே இப்போது ஓசூரில் என் அறையில் ஆணியில் தொங்குகிறது. எழுத்து ஓரத்தில் பழைய சிவப்பு, அதன் மேல் புது நீலம். கழுவவில்லை. தாளாளருக்கு இன்னும் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன.